வெளியே பூட்டிய ஆஸ்பத்திரி

பூட்டு என் யோசனைதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு யாராவது வந்து, எல்லாவற்றையும் எழுதினாளே, இதை மட்டும் மறைத்துவிட்டாளே என்று சொல்லக் கூடாது.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுக்கும் மேலே. அங்கே பள்ளிக்கூடத்தில் நான் சத்துணவு அமைப்பாளர். சோறு குழையாமல் பார்ப்பதும் சாம்பாரில் உப்புப் பார்ப்பதும்தான் என் வேலை, ஆனாலும் ஊர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடும். பள்ளிக்கூடத்துக்கு எதிரே, சாமை மூட்டை அடுக்குவதற்காகக் கட்டிய பழைய கிடங்கு ஒன்று உண்டு. அதில்தான் டாக்டர் இருந்தார். டாக்டர் என்றால் டாக்டருக்குப் படித்தவர் இல்லை. கீழே ஏதோ ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்துவிட்டு மலையேறி வந்தவர். இது எங்களுக்குத் தெரியாது என்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். எல்லாருக்கும் தெரியும். பிள்ளைக்குச் சளி என்று பஸ்ஸுக்குக் காத்திருந்து அரசு சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். இவர் எதிரிலேயே இருந்தார். எங்களைப் போலவே பேசுவார், யாரையும் திட்ட மாட்டார். வேறென்ன வேண்டும் என்று இருந்துவிட்டோம்.

ஒன்றை மட்டும் அவர் செய்ய மாட்டார். சீட்டு எழுத மாட்டார். மாத்திரையைப் பழைய செய்தித்தாளில் மடித்துக் கையில் கொடுப்பார், எப்போது சாப்பிட வேண்டும் என்று வாயால் சொல்வார். "எழுதினா அதுவே சாட்சிம்மா" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

அவருக்கு ரெய்டு என்றால் உயிர் போகும். மாவட்டத்திலிருந்து மருத்துவத் துறை அதிகாரிகள் போலீஸோடு வருவார்கள். படித்த சான்றிதழ் எங்கே, கவுன்சில் பதிவு எங்கே, கிளினிக் நடத்த அனுமதி எங்கே என்று கேட்பார்கள். இல்லையென்றால் கதவுக்குச் சீல், ஆளுக்கு ஜீப். பக்கத்து ஊரில் ஒருவரை அப்படித்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து டாக்டரின் பயம் எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. இவரும் போய்விட்டால் யார் நமக்கு ஊசி போடுவது?

அப்போதுதான் நான் என் மூளையைக் காட்டினேன். எங்கள் ஊருக்கு வண்டி ஏற ஒரே பாதை. அந்தப் பாதையில் ஜீப் ஓட்டுகிறவர்கள் நம் ஆட்கள், சர்க்கார் வண்டியைப் பார்த்தால் போன் செய்துவிடுவார்கள். ஆனால் டிரிப் ஏறிக்கொண்டிருக்கிற நோயாளி எழுந்து ஓட முடியுமா? அதனால் உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே இருக்கட்டும், வெளியே பூட்டைத் தொங்கவிட்டால் கிடங்கு பழையபடி கிடங்காகிவிடும் என்றேன். சாவி டீக்கடை அக்காவிடம். அவள் கடை கிடங்கை ஒட்டினாற்போல இருந்தது. அவள் பொய் சொன்னால் சாமி வந்து சொன்ன மாதிரி இருக்கும்.

இரண்டு தடவை இப்படித் தப்பித்தோம். இரண்டாவது தடவை உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு பெரியவர் பயந்துபோய்க் கதவைத் தட்டிவிட்டார். அக்கா பதறிச் சாவியை எடுத்துவிட்டாள். நல்லவேளை, அதிகாரிகள் அதற்குள் வண்டியேறிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவளைப் பிடித்து நான் ஒரு ஆட்டம் ஆடினேன்.

"உள்ளேருந்து யாரு தட்டினாலும் தொறக்கக் கூடாதுக்கா. வண்டி கீழ எறங்கிட்சின்னு போன் வந்தாத்தான் தொறக்கணும்."

"அவருக்கு மூச்சு முட்டிச்சாம் டீச்சர்."

"இன்னா பெரிய மூச்சு? அரை மணி நேரம் ஒரு ரூம்ல குந்தினு இருக்க முடியாதா? நானே தட்டினாலும் தொறக்காத. சொல்ட்டேன்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் அன்று டீக்கடை வாசலில் நின்று செய்தேன்.

புளி உலுக்குகிற சமயம் அது. என் வீட்டுக்காரர் காலில் முள் ஏறி, அதை அலட்சியம் செய்து, பாதம் வீங்கிக் காய்ச்சலில் விழுந்தார். பள்ளிக்கூடத்தில் உலை வைத்துவிட்டு, சமையல்காரம்மாவிடம் அரிசியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவரைக் கைத்தாங்கலாகக் கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வேறு நோயாளி யாரும் இல்லை.

"சீழ் புட்ச்சிக்கீதும்மா. ஒரு ஊசி போட்டா அடங்கிடும்" என்றார் டாக்டர். போட்டார். பஞ்சை வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வெளியே அக்காவின் போன் அடித்தது. அடுத்த நிமிஷம் கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. நான் போட்ட திட்டம் அச்சுப் பிசகாமல் நடந்தது.

டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஜன்னல் கண்ணாடியில் சாக்கு தொங்கியது. ஓட்டுக்கு நடுவே பதித்த ஒரு கண்ணாடித் துண்டிலிருந்து மட்டும் வெளிச்சம் வந்தது. என் வீட்டுக்காரர் கழுத்தைச் சொறிந்தார். பிறகு வயிற்றை. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது.

"இன்னா மாமா பண்ணுது?"

"நாக்கு தடிக்குதுடி."

சொல்லும்போதே அவர் குரல் வேறு யாருடைய குரலோ போல இருந்தது. உதடு என் கண் முன்னாலேயே வீங்கியது. டாக்டர் அவசரமாக எழுந்து, அலர்ஜிக்கு என்று சொல்லி இன்னொரு ஊசி போட்டார். அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். அதுவரை அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. 

அப்போது ஜீப் வந்து நின்றது. கதவுகள் திறந்து மூடின, பூட்ஸ் கால்கள் கிடங்கைச் சுற்றி நடந்தன. ஒரு ஆண் குரல் கேட்டது.

"இங்க ஒருத்தர் ஊசி போடறாராமே, எங்க இருக்கார்?"

"ஊசியா? மாட்டுக்கு ஊசி போடறவரு புதன்கெழமதான் வருவாரு சார்" என்றாள் அக்கா.

வேறொரு நாளாக இருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பேன். என் வீட்டுக்காரருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்திருந்தது. விசில் போல ஒரு சத்தம். பெஞ்சிலிருந்து சரிந்தார், பிடித்துத் தரையில் படுக்க வைத்தேன். கதவைப் பார்த்து எழுந்தேன். டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அஞ்சு நிமிஷம்மா. ஊசி வேல செய்யும். அவங்களும் போய்டுவாங்க. உன் கால்ல விழறேன்."

இங்கேதான் நான் யாரிடமும் சொல்லாததைச் சொல்ல வேண்டும். நான் நின்றேன். அவர் பிடித்ததால் மட்டும் நிற்கவில்லை. கதவு திறந்தால் டாக்டர் போய்விடுவாரே, ஊர் என்னைக் காறித் துப்புமே என்று எனக்கும் பயமாக இருந்தது. கட்டின புருஷன் தரையில் மூச்சுக்குத் தவிக்கும்போது நான் ஊரை நினைத்தேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கொஞ்ச நேரமாகத்தான் இருக்கும். அந்தக் கொஞ்ச நேரம் இன்னும் என்னை விடவில்லை.

வெளியே ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது. குனிந்து என் வீட்டுக்காரர் கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. நகம் நீலம் பாய்ந்திருந்தது. கண் மேலே சொருகியது. நான் டாக்டரைப் பார்த்தேன். ஏதாவது சொல்வார், அடங்கிடும் என்பார், எப்போதும் சொல்கிற ஏதோ ஒன்றைச் சொல்வார் என்று பார்த்தேன்.

"எனக்குத் தெரியலம்மா" என்றார். "கத்து."

ஐயோ சாமி! ஊரே அவரை நம்பியிருந்த இத்தனை வருஷத்தில் தெரியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டது அப்போதுதான். கதவில் விழுந்து அடித்தேன்.

"அக்கா! தொற! அக்கா, நாந்தான், தொற!"

அக்காவுக்குக் கேட்டது. கேட்டது என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் உடனே அவள் டீ பாய்லரைக் கரண்டியால் டங்கு டங்கென்று அடிக்க ஆரம்பித்தாள், என் குரல் வண்டிக்குக் கேட்காமல் இருக்க. யாரோ என்ன சத்தம் என்று கேட்க, "ஆடுங்க சார், உள்ள கட்டிக்கீறேன். ஆள் வாசன பட்டா முட்டும்" என்றாள். நான் சொல்லிக்கொடுத்ததை அவள் அப்படியே செய்தாள். நானே தட்டினாலும் திறக்கவில்லை.

அடப்பாவி, அது ஆடு இல்லைடி, என் புருஷன் சாகிறான் என்று கத்துகிறேன், தொண்டை கிழிகிறது, வெளியே டங்கு டங்கு. ஜீப் நகர்ந்துவிட்டது.

எனக்குப் பின்னால் கண்ணாடி உடைந்தது. திரும்பிப் பார்த்தால் டாக்டர். டிரிப் மாட்டுகிற இரும்புக் கம்பத்தைத் தூக்கி ஜன்னலில் குத்தியிருந்தார். சாக்கைப் பிய்த்து எறிந்துவிட்டு, கம்பிக்கு நடுவே கையை வெளியே நீட்டி, "நான் இங்கதான் இருக்கேன் சார்! நான் இங்கதான் இருக்கேன்!" என்று கத்தினார்.

ஜீப் நின்றது.

சாவியைக் கொடுக்கும்போது அக்கா அழுதாள் என்று பிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. கதவு திறந்ததும் போலீஸ்காரர் டாக்டரின் சட்டையைப் பிடித்தார். பெரிய அதிகாரி கையில் காகிதத்தோடு உள்ளே வந்தார். அவர்களைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். முக்காடு போட்ட சின்னப் பெண், வாணியம்பாடிப் பக்கம், அரசு டாக்டர். அப்படியே தரையில் மண்டி போட்டு, என் வீட்டுக்காரரின் நாடியைப் பிடித்தாள். அவர் காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வைக்கச் சொன்னாள்.

"அட்ரினலின் இருக்கா? இங்க அட்ரினலின் இருக்கா?"

எல்லாரும் விழித்தோம். போலீஸ் பிடியில் இருந்த டாக்டர்தான் வாயைத் திறந்தார்.

"அலமாரி. மேல் தட்டு, எடது பக்கம். செவப்பு டப்பா."

அவள் எடுத்தாள், மருந்தை உறிஞ்சினாள், தொடையில் குத்தினாள். அவ்வளவுதான். நான் எந்தெந்தச் சாமிக்கு என்னென்ன நேர்ந்துகொண்டேன் என்று நினைவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த விசில் சத்தம் குறைந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் என்னைப் பார்த்தார்.

கையில் சலைன் ஏற்றிவிட்டு எழுந்த பிறகுதான் அந்தப் பெண் எங்கள் டாக்டரிடம் திரும்பினாள். அவளுக்கும் கை நடுங்கியது, ஆனால் எல்லாம் முடிந்த பிறகு நடுங்கியது.

"மருந்த வச்சிக்கிட்டு ஏன் போடல?"

"எவ்ளோ போடணும்னு தெரியல மேடம். பயமா இருந்துச்சு."

எனக்கு ரத்தம் கொதித்தது. ஊர் முழுக்க ஊசி போட்டபோது வராத பயம் அப்போது வந்ததா உனக்கு என்று கேட்கத் தோன்றியது. ஆனால் ஜன்னலை உடைத்ததும் அவர்தானே. 

ஆம்புலன்ஸ் ஏறி வர நேரமாகும் என்று அவர்கள் வண்டியிலேயே கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரர் பின் சீட்டில் என் மடியில். அந்தப் பெண் அவர் கையைப் பிடித்தபடி. சலைன் பாட்டிலைப் பிடிக்க ஆள் வேண்டும். போலீஸ்காரருக்கு அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. "நான் புடிக்கிறேன் சார்" என்றார் டாக்டர். கைதான ஆள், மலைப்பாதை முழுக்க, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய, பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். 

பூட்டினது யார் என்று போலீஸில் கேட்டார்கள். டீக்கடைக்காரி என்று எழுதப் போனார்கள். நான்தான் என்றேன், எழுதிக்கொண்டார்கள், எச்சரித்து அனுப்பினார்கள். அக்கா இப்போதும் எனக்கு டீ போட்டுத் தருகிறாள். ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினாள். "நீதான டீச்சர் சொன்ன, நானே தட்டினாலும் தொறக்காதன்னு." 

கிடங்கில் சீல் அப்படியே இருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் அரசு மருத்துவ வண்டி வருகிறது. மற்ற நாட்களில் நோய் வராமல் பார்த்துக்கொள் என்று சாமியிடம் சொல்லியிருக்கிறோம். யார் வீட்டிலாவது காய்ச்சல் என்றால் என்னை முறைத்துப் பார்க்கிறார்கள்.  சீல் வைத்தது சரிதான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் புருஷன் உயிரோடு இருப்பதைக்கூட நான் சத்தமாகச் சொல்வதில்லை.

அவருக்கு உடம்பு கொஞ்சம் சுட்டாலும் எனக்குத் தூக்கம் போய்விடும். முதலில் அவர் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பேன். அன்று பெரிய ஆஸ்பத்திரி வாசலில் பாட்டிலை நர்ஸ் வாங்கிக்கொண்ட பிறகு, டாக்டர் போலீஸ்காரரிடம் பேனா கேட்டார். விறைத்துப்போன கையால், ஒரு துண்டுக் காகிதத்தில், அன்று போட்ட மருந்தின் பெயரை எழுதினார். அதற்குக் கீழே, 'இவருக்கு இந்த ஊசி ஆகாது' என்று எழுதினார். பிறகு என்ன நினைத்தாரோ, அடியில் கையெழுத்தும் போட்டார்.

"எங்க போனாலும் மொதல்ல இத காட்டும்மா" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் எங்கள் ஊருக்கு எழுதிக் கொடுத்த ஒரே சீட்டு அதுதான்.