எதிர்மலையின் கூவல்

மகள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் ஸ்பீக்கரை வைத்துப் புதுப்பாட்டொன்றை அலறவிட்டாள். இரண்டு கோடிப் பேர் கேட்டதாகப் போனில் போட்டிருந்தது.

"அதெல்லாம் காசு குடுத்து ஏத்துறதுப்பா. பாடுறது மனுசனான்னே தெரியல," என்றாள்.

எனக்கு சவுண்ட் செட் செல்வராசு அண்ணன் ஞாபகம் வந்தது. திருவிழாவுக்கு முந்தின நாளே ஹட்டனிலிருந்து வந்து, பனியில் நனைந்த சவுக்கு மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவார். ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் கெசட்டை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பார். எதிர்மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் கூவினால் அதே பாட்டு மறுபடியும் ஓடும். கூவாவிட்டால் அடுத்த பாட்டு.

ஒரு வருசம் டவுன் கெசட் கடை முதலாளி, தான் வெளியிட்ட கெசட்டோடு வந்தார். "இதையே நாள் முழுக்கப் போடு. செட் வாடகைய நான் தர்றேன்."

அண்ணன் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு நிறுத்தினார். கூவல் வரவில்லை. கெசட்டைச் சட்டையில் துடைத்துப் பணிவாகத் திருப்பிக் கொடுத்தார்.

"மலை கேக்கலைங்க முதலாளி. நான் என்ன செய்ய?"

மகளுக்கு இதைச் சொன்னேன். அவள் பாட்டை நிறுத்தினாள். இருவரும் எதிர்மலையைப் பார்த்து நின்றோம். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தரும் நிமிரவில்லை.

மகள் வேறு பாட்டைத் தேடினாள்.