மச்சானின் ஓட்டோவில் பொலிசுக்கு

நெஞ்சளவு தண்ணீரில் நின்று வலை வீசுகிறவனுக்குக் கரையில் நடப்பதெல்லாம் தெரியும். கரையில் போகிறவர்களுக்கு அவன் வெறும் தலைதான். ஆரையம்பதி வாவிக்கரையில் அந்த விடியற்காலை நான் அப்படித்தான் நின்றேன். என்னிடம் இறால் வாங்குகிற காத்தான்குடி முஸ்லிம் வியாபாரி, நாங்கள் 'நானா' என்று கூப்பிடுகிறவர், சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த ஓட்டோ அவரை இடித்து விழுத்தியது. ஓட்டியவர் நிறுத்தி, தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். பிறகு போய்விட்டார். அவர் என் மனைவியின் அண்ணன்.

நான் கரையேறி, சத்தம்போட்டு ஆட்களைக் கூப்பிட்டு, நானாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஓட்டோவைப் பற்றி வாய் திறக்கவில்லை. மச்சான் என்னைக் கண்டாரா, இல்லையா? அதை யோசித்து யோசித்தே சோறு இறங்கவில்லை.

எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். நான் இருப்பது மனைவியின் சீதன வீடு. கட்டார் நாட்டு வெயிலில் நின்று உழைத்து அதைக் கட்டியவர் மச்சான். தங்கச்சிக்குக் கூரை போட்ட பிறகுதான் தனக்குப் பெண் பார்த்தார்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நானாவின் காலில் பெரிய கட்டு.

"இண்டைக்கு இறால ஆருக்குக் குடுத்தீங்க தம்பி? ஒரு நாள் படுத்தா வேற ஆளப் பிடிச்சிடுவீங்களே" என்று சிரித்தார். பிறகு, "ஓட்டோவ ஓட்டினது ஆரெண்டு நான் காணல்ல. தண்ணிக்குள்ள நிண்ட நீங்க கண்டீங்க எண்டு பொலிசுக்குச் சொல்லிட்டன்" என்றார்.

அன்று பின்னேரமே பொலிசிலிருந்து அழைப்பு வந்தது, காலையில் வரட்டுமாம். மனைவியிடம் எல்லாம் சொன்னேன்.

"அண்ணன்தான் எண்டு நல்லாத் தெரியுமா?"

"தெரியும்."

"இருட்டு எண்டு சொல்லுங்க." அதோடு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

காலையில் வாசலில் மச்சானின் ஓட்டோ நின்றது. அவள் சொல்லி வந்தாரா என்று நான் கேட்கவில்லை.

"ஏறுங்க மச்சான். தங்கச்சிட புருசன பஸ்ஸில பொலிசுக்கு அனுப்பினா ஊர் என்னத்தான் ஏசும்."

போகும் வழியில், "மழைக்கு முன்னம் உங்கட குசினிக்கு ஓடு மாத்தோணும், நான் வாங்கித்தாறன்" என்றார். ஓம் மச்சான் என்றேன்.

பொலிஸ் நிலையத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் அவர் நின்றுகொண்டார். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். உள்ளே என்ன எழுதுவார்கள், சிங்களத்தில் எழுதிவிடுவார்களோ என்ற பயம் வேறு. நல்லகாலம், விசாரித்தவர் தமிழில் கேட்டார்.

"கண்டீங்களா?"

"இருட்டு ஐயா."

"நீங்க கண்டீங்க எண்டு அந்த மனிசன் சொல்றாரே. அப்ப அவர் சொல்றது பொய்யா?"

"சே, நானா பொய் சொல்லமாட்டார்."

நினைக்குமுன் வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் பேனையை எடுத்தார்.

"அப்ப கண்டிருக்கீங்க. சொல்லுங்க."

சொன்னேன். ஓட்டோவின் நிறம், ஓட்டியவர் பெயர், எனக்கு அவர் என்ன முறை, எல்லாம்.

"ஆள் இப்ப எங்க?"

ஜன்னல் பக்கம் கையைக் காட்டினேன். என்னைத் திரும்ப ஏற்றிப் போவதற்காக மச்சான் பின்சீட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பொலிசார் எழும்பி வெளியே போனார்கள்.

"நீங்க வீட்ட போகலாம்" என்றார் ஐயா. நான் இருந்த வாங்கை விட்டு எழும்பவில்லை.