பட்டுச் சேலைக்கு ஒரு வாடகை

ஆரணியில் வந்தவாசி பஸ்ஸை விட்டு இறங்கி நிற்கிறேன். படவேட்டு பஸ் ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கும் நிலையத்திலிருந்து புறப்படப் போகிறது. அதை விட்டால் கோயிலில் பேத்தியின் காதுகுத்து நான் இல்லாமலே முடிந்துவிடும். நிதானமாக நடக்கிறவள்தான் நான். இன்றைக்கு நெஞ்சு மட்டும் முன்னால் ஓடுகிறது.

ஆட்டோக்காரர் என் சேலையை மேலும் கீழும் பார்த்துவிட்டு நூற்றைம்பது கேட்கிறார். பக்கத்தில் பூக்கட்டும் பெண்ணை விசாரிக்கிறேன்.

"நாங்க அம்பதுதாம்மா தர்றோம்" என்கிறாள்.

"அது உள்ளூருக்கு. பட்டு எடுக்க வர்றவங்களுக்கு வேற" என்கிறார் அவர்.

"நான் பட்டு எடுக்கவா வந்தேன்? கோயிலுக்குப் போயிகினு இருக்கேன்."

"அப்போ ஒண்ணு செய்யுங்க ஆயா. வழியில ஒரு பட்டுக்கடை இருக்குது. சும்மா உள்ள போயி பாத்துட்டு வாங்க. முப்பது குடுத்தா போதும். மீதியக் கடைக்காரரு எனக்குக் குடுத்துடுவாரு."

வாங்கப் போகாத கடையில் உட்கார்ந்து சேலைகளைப் பிரிக்கவிட்டு எழுந்து வரும் பழக்கம் எனக்கில்லை.

"வாடகை தூரத்துக்குத்தான், நான் கட்டிகினு இருக்கிற துணிக்கு இல்ல. அம்பது தரேன். ஜல்தி எடு" என்று ஏறி உட்கார்ந்துவிடுகிறேன்.

"காலையிலயே பேஜாரு" என்று முனகிக்கொண்டே வண்டியைக் கிளப்புகிறார்.

கடை வாசலில் வேகம் குறைகிறது. கண்ணாடியில் என்னைப் பார்க்கிறார். நான் ரோட்டைப் பார்க்கிறேன். வண்டி நிற்காமல் போகிறது.

படவேட்டு பஸ் நகர்ந்துவிட்டது. அவரே ஹாரனை அழுத்திக்கொண்டு குறுக்கே போய் மறிக்கிறார். ஐம்பதைக் கொடுக்கிறேன்.

"சேலை நல்லாக்குது ஆயா. எங்க எடுத்தீங்க?"

"இதே ஊருலதான். அன்னிக்கு நடந்தே போயி எடுத்தேன்" என்று பஸ்ஸில் ஏறுகிறேன்.