ராசம்மாளுக்கு மனசு வராத நாலு பாத்தி

பெருமாட்டி ஊரில் ராசம்மாளைப் போல மண்ணுக்கு வாரி இறைக்கிற ஆளைப் பார்க்க முடியாது. பக்கத்துத் தோட்டக்காரன் நான், எனக்குத் தெரியும். அந்தத் தாராளக் கைதான் வம்பையும் இழுத்து வந்தது. மண்ணுக்கு நல்லது, மலிவாகவும் கிடைத்ததென்று ஒரு லாரி ஜிப்சத்தை அரை ஏக்கரில் கொட்டினார். ஏதோ ஆலையின் கழிவு அது; ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்திருந்தது. புல்லிலும் அது ஏறியிருப்பது சோதனையில் தெரிந்ததும், தீவனம் அறுக்கக் கூடாதென்று தடுத்துவிட்டார்கள். இரண்டு மாடுகளையும் விற்ற அன்று ராசம்மாள் சாப்பிடவே இல்லை.

மண் ஆய்வாளர் கிருத்திகா வந்தார். பேரைட் என்ற கல்லைப் பொடித்து மண்ணில் கலந்தால் அது ரேடியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேரில் ஏற விடாது என்றார். பலன் தெரிந்தால் தடை நீங்கும். எட்டுப் பாத்தி பிரித்து நாலில் பொடி கலந்தார். மற்ற நாலை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விடச் சொன்னார்.

நாலு மாதம் கழித்துப் புல்லைச் சோதித்தால் எட்டிலும் ரேடியம் ஒரே அளவு. பழைய அளவைவிடக் குறைவுதான். ஆனால் குறைத்தது பொடியா, மழையா?

கிருத்திகா தலையில் கை வைத்துக்கொண்டார். "இத வெச்சுத் தடைய எடுக்கச் சொல்ல முடியாதுங்கம்மா."

ராசம்மாள் முந்தானையைத் திருகினார். "அம்மிணி, மீந்த பொடிய நாந்தானுங்க அந்த நாலுக்கும் போட்டுப்போட்டேன். ஒண்ணுக்குப் போட்டு ஒண்ண உட மனசு வரலீங்க."

அந்தப் பொடிக் கூடையை அவர் தலைக்குத் தூக்கிவிட்டவன் நான். எனக்கும் வெட்கமாக இருந்தது.

கிருத்திகாவுக்கு வந்த கோபம் சிரிப்பில் முடிந்தது. மிச்ச இடத்தில் புதிதாக எட்டுப் பாத்தி பிரித்தார். இம்முறை மீந்த மூட்டையை ராசம்மாளின் கணவர் கருப்புசாமி அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். ராசம்மாள் நாலு மாதமும் அந்த வெறும் பாத்திகளின் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு நடந்தார். பாவமாக இருந்தது.

முடிவு வந்தது. வெறும் பாத்திப் புல்லில் ரேடியம் மூன்று மடங்கு அதிகம். பொடி கலந்த பாத்திகளில் தீவனம் அறுக்கலாம் என்று உத்தரவும் வந்தது. ராசம்மாள் அழுதுவிட்டார்.

"ஏம்புள்ள, மாடு பாக்கப் போலாமா?" என்றார் கருப்புசாமி.

"நாளைக்குப் போலாமுங்க. மொதல்ல அந்தச் சாவியக் குடுங்க, அந்த நாலுக்கும் போட்டுட்டு வந்தர்றேன்."