நான்கு மணி நேரக் கட்டம்

அம்பத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வகத்தில், நோயாளிகளின் ரத்தத்திலும் சீழிலும் இருக்கும் கிருமியை வளர்த்துப் பெயர் சொல்வது என் வேலை. கிருமிகள் எனக்கு ஒருநாளும் எரிச்சல் தந்ததில்லை. அவை தங்கள் நேரத்துக்கு வளரும், தங்கள் நேரத்துக்குச் சாகும். மனிதர்களால்தான் தலைவலி. காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு மதியம் வந்து ரிப்போர்ட் கேட்பார்கள். "கிருமி வளரணுங்க" என்றால், "கொஞ்சம் சீக்கிரம் வளர்க்கக் கூடாதா?" என்பார்கள். இட்லி மாவு புளிக்கவே ஒரு ராத்திரி ஆகும் என்று தெரிந்தவர்கள்தான் இப்படிக் கேட்கிறார்கள்.

சென்ற ஆண்டு எரிச்சல் உச்சிக்கு ஏறிய வாரம் ஒன்று உண்டு. மருத்துவமனைக்குத் தரச்சான்று கொடுக்க ஒரு ஆய்வுக்குழு இரண்டு நாள் வரவிருந்தது. ஒரு மாதம் முன்பே எங்கள் மேலாளர் கூட்டம் போட்டு, பதிவேட்டில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கிருமி வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியின் சூட்டுக்கு ஒரு கட்டம், ஃப்ரிட்ஜ் குளிருக்கு ஒரு கட்டம், ஒவ்வொரு சோதனைக்கும் நேரம் போட்டு ஒரு கட்டம். எல்லாவற்றிலும் கையெழுத்து. கிருமியைப் பார்க்கிற நேரத்தைவிடக் கையெழுத்துப் போடுகிற நேரம் அதிகமாகிவிட்டது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. சோதனையை ஆரம்பிக்கும்போதே அதற்குரிய எல்லாக் கட்டங்களிலும் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். வேலையை அதனதன் நேரத்தில் செய்துகொள்ளலாம் என்று எண்ணம்.

அந்த வாரம் அயனம்பாக்கத்து அடுக்ககத்திலிருந்து ஒருவரைக் காய்ச்சலோடு சேர்த்திருந்தார்கள். கம்ப்யூட்டர் வேலை, முப்பத்தைந்து வயதிருக்கும். காய்ச்சலுக்குக் காரணம் தெரியவில்லை. இரண்டு புட்டிகளில் அவருடைய ரத்தம் வந்தது. ஒன்றில் மட்டும் கிருமி வளர்ந்தது. சாயம் ஏற்றிப் பார்த்தால் ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாக உருண்டைகள். ஸ்டெஃபைலோகாக்கஸ்.

இந்தப் பெயரில் இரண்டு விதம் உண்டு. ஒன்று நம் எல்லோருடைய தோலிலும் சும்மா இருப்பது. ஊசி குத்தும்போது தோலிலிருந்து புட்டிக்குள் வந்துவிடும். பெரும்பாலும் பயப்பட வேண்டாம். மற்றது பொல்லாதது. கட்டியும் சீழும் பெரும்பாலும் இதன் வேலைதான். ரத்தத்தில் இருந்தால் இதயம் வரை போய் உட்கார்ந்துகொள்ளும். பொல்லாதது பொன்னிறமாக வளரும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. என் தட்டில் வளர்ந்தது பொன்னிறமும் இல்லை, சுத்த வெள்ளையும் இல்லை. கண்ணாடித் தகட்டில் செய்யும் உடனடிச் சோதனையும் பிடிகொடுக்கவில்லை.

மிச்சம் இருந்தது ட்யூப் சோதனை. பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரில், கிருமியைக் கலந்து உடல் சூட்டில் வைக்க வேண்டும். பொல்லாதது என்றால் பிளாஸ்மா உறையும். நான்கு மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். ஏனென்றால் இந்தக் கிருமியில் சில, தான் உறைய வைத்ததைத் தானே கரைத்துவிடும். மறுநாள் பார்க்கிறவனுக்கு வெறும் தண்ணீர்தான் தெரியும்.

காலை பதினொரு மணிக்கு ட்யூப்பை வைத்தேன். வைத்த கையோடு பதிவேட்டின் நான்கு மணி நேரக் கட்டத்தில் கையெழுத்தும் போட்டேன். உறைந்திருந்தால் கையெழுத்துக்குப் பக்கத்தில் கூட்டல் குறி போடுவோம். குறி இல்லாவிட்டால், பார்த்தாயிற்று, உறையவில்லை என்று பொருள்.

மூன்று மணிக்கு நான் மேல்மாடியில் ஆய்வுக்குழுவின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் கோப்பைப் புரட்டியபடி கேட்டார்:

"ட்யூப் டெஸ்ட்டை எத்தனை மணி நேரத்துல பாப்பீங்க?"

"நாலு மணி நேரத்துல சார்."

"ஏன்?"

விளக்கமாகச் சொன்னேன். தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். அவர் தலைக்கு மேலே சுவரில் கடிகாரம் மூன்றைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நான் அங்கே ஏட்டுச் சுரைக்காயைத்தான் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஆறு மணிக்கு விட்டார்கள். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் ஆய்வகத்துப் பக்கமே போகவில்லை. வண்டி திருமுல்லைவாயில் தாண்டும்போதுதான் ட்யூப் நினைவு வந்தது. என்னோடு வேலை பார்க்கிறவர் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கையில் போன் இருந்தது. அடித்துக் கேட்கவில்லை. ஆவடியில் இறங்கிக் குவார்ட்டர்ஸுக்கு நடந்தபோது, வீட்டில் தோசை மாவு இருக்கிறதா என்பதுதான் யோசனை.

மறுநாள் எட்டரைக்குப் போனேன். சக ஊழியர் எனக்கு முன்பே வந்திருந்தார். அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர். இன்குபேட்டருக்குப் பக்கத்தில் ட்யூப் நின்றிருந்தது. உள்ளே தண்ணீர்.

"அக்கா, அந்த அயனம்பாக்கம் கேஸு தோல் கிருமிதான். வார்டுக்கு போன் பண்ணி சொல்லிட்டேன். இன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பப் போறாங்களாம்."

"நேத்து மூணு மணிக்கு யார் பார்த்தது?"

"இன்னாக்கா கேக்குற? நீதான் பாத்துகீற." பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "தோ, கையெழுத்து கீது. பிளஸ் போடல."

"நான் பார்க்கலப்பா. நீ பார்த்திருப்பேன்னு நினைச்சேன்."

"என்னையத்தான் அந்த ஆய்வுக்குழுக்காரங்களுக்கு டிபன் வாங்கினு வரச் சொல்லி தொரத்திட்டாங்களே!"

யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. மேலாளர் மேல் வந்தது, மூக்குக்கண்ணாடிக்காரர் மேல் வந்தது, இவர் மேல்கூட வந்தது. பதிவேட்டில் இருந்தது என் கையெழுத்து. அழகான, நிதானமான கையெழுத்து.

மாடிப்படி ஏறி வார்டுக்கு ஓடினேன். டாக்டர் எரிந்து விழுந்தார்.

"ஒரு மணி நேரம் முன்னாடி ஒண்ணு சொல்றீங்க, இப்ப ஒண்ணு சொல்றீங்க. நான் எதைம்மா நம்பறது?"

"மதியம் வரைக்கும் அனுப்பாதீங்க சார். மறுபடி வைக்கிறேன்."

"இன்ஷூரன்ஸ் அனுமதி வந்ததும் அவங்க கிளம்பிடுவாங்க. அதுக்குள்ள சொல்லுங்க."

இன்ஷூரன்ஸ்காரர்களின் தாமதத்தை இருபது வருடமாகத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும், நன்றாகத் தாமதம் பண்ணுங்கள் என்று வேண்டிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்குப் புது ட்யூப் வைத்தேன். அரை மணிக்கு ஒருமுறை எடுத்து மெதுவாகச் சாய்த்துப் பார்த்தேன். வேகமாக ஆட்டினால் உறைந்திருப்பதுகூட உடைந்துவிடும். பத்து மணிக்கு ஒன்றுமில்லை. பத்தரைக்கும் ஒன்றுமில்லை. அப்போது அந்தக் காய்ச்சல்காரரின் மனைவி ஆய்வக ஜன்னலுக்கு வந்துவிட்டாள். திருநெல்வேலிப் பேச்சு.

"மேடம், பையெல்லாம் எடுத்து வச்சாச்சு. காய்ச்சலும் விட்டுட்டு. இப்ப போய் மறுபடி டெஸ்ட்டுன்னா எப்படி? ஏன் இப்படி இழுத்தடிக்கீங்க?"

"அரை மணி நேரம் உட்காரும்மா."

"அவங்களுக்கு அக்குள்ல ஒரு சின்னக் கட்டி, அது ஒண்ணுதான். மத்தபடி நல்லாத்தான் இருக்காங்க."

"கட்டியா? டாக்டர்கிட்ட சொன்னியா?"

"மஞ்சள் வச்சேன், உடைஞ்சு போச்சு. கட்டிக்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம்?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சம்பந்தம் என் கையில் இருந்தது. பதினொரு மணிக்கு ட்யூப்பைச் சாய்த்தேன். கெட்டித் தயிர் மாதிரி அசையாமல் நின்றது.

அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. இதயத்தை ஸ்கேன் செய்தார்கள், வாரக்கணக்கில் ஊசி என்று முடிவானது. மாலையில் அந்தப் பெண் மறுபடி ஜன்னலுக்கு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கவனிச்சிருக்காட்டா என்ன ஆயிருக்கும் மேடம்" என்று அழுதாள். நான் கவனிக்காததால்தான் இத்தனையும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "அழாதேம்மா" என்று மட்டும் சொன்னேன். இன்றைக்கும் அது நெஞ்சில் உறுத்துகிறது.

அவள் போன பிறகு பதிவேட்டை எடுத்து, நான்கு மணி நேரக் கட்டத்தில் இருந்த என் கையெழுத்தைச் சிவப்பு மையால் அடித்து, 'பார்க்கவில்லை' என்று எழுதினேன்.

"இன்னாக்கா, இப்பப் போயி அடிச்சி வெச்சிகீற? அவங்க இன்னும் மேலதான் கீறாங்க" என்று பதறினார் சக ஊழியர்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் மூக்குக்கண்ணாடிக்காரர் வந்தார். நின்றபடியே பதிவேட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினார். முகத்தில் திருப்தி தெரிந்தது. கடைசிப் பக்கத்தின் சிவப்பு மையில் விரல் நின்றது.

"இந்த ஒரு பக்கத்தை மட்டும் சுத்தமா மாத்தி எழுதிடுங்க மேடம். மத்தபடி அருமையா வச்சிருக்கீங்க. ஒரு கையெழுத்துகூட விடுபடல."

அவர் போனதும் அந்த மாதத்துப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். நான்கு மணி நேரக் கட்டத்தில் எல்லா நாளும் என் கையெழுத்து இருந்தது. எதைப் பார்த்துப் போட்டேன், எதைப் பார்க்காமல் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.