தாழ் போடாத கதவு

"வீடுங்க இது, வீடு! கோட்டை மேல இருக்கு. வெளிய போயி இடது கைப் பக்கமா ஏறுங்க."

கொதிக்கும் கீரை சூப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சுல்மீரா இதைச் சொல்லிவிடுவாள். கதவைத் தள்ளியவர்கள் மன்னிப்புக் கேட்டபடியே உள்ளே ஒரு நோட்டம் விட்டுவிட்டுத்தான் போவார்கள். அடுத்து வருபவர்களுக்கு அதையே ஸ்பானிய மொழியில் சொல்வாள், பிரெஞ்சிலும் தெரியும். ஆங்கிலத்துக்கு அவளிடம் வார்த்தை கிடையாது, கரண்டியை நீட்டுவாள். அது எல்லா நாட்டாருக்கும் புரியும்.

சுற்றுலாக்காரர்கள் மொய்க்கும் மலையூர் பெனாதோராவின் மதிலுக்குள் முப்பத்தெட்டு வீடுகள். ஆள் குடியிருப்பது இந்த ஒன்றில்தான். மற்றதெல்லாம் விடுதி, நினைவுப்பொருள் கடை, இல்லாவிட்டால் பூட்டு. எழுநூறு வருஷத்துக் கல்வாசலைத் தாண்டியதும் முதல் கதவு இவளுடையது. கைபட்டாலே திறந்துகொள்ளும். இதுவும் ஒரு காட்சிசாலை என்று நினைத்து நுழையாமல் யார் போவார்கள்?

அறுபத்து நான்கு வயது. மலைக்குக் கீழே பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் சமையல்காரி. இரண்டு பேருக்கு அளவாகச் சமைக்க இன்னும் கை வரவில்லை. மிஞ்சுவதைக் கடைப் பெண்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். வேண்டாம் என்றால், "ஒடம்பப் பாரு, உப்புப் போட்டுக் காயவெச்ச மீனாட்டம்!" என்று வசவும் சேர்ந்து கிடைக்கும்.

கதவுக்கு நேர் எதிரே ஒரு கட்டில். அதில் அவள் கணவர் அமாந்தியு. பஸ் ஓட்டியவர், வாய் ஓயாதவர். போன வருஷம் பக்கவாதம் வந்து வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. மாடிப்படி ஏணிபோலச் செங்குத்து. அதனால் கட்டில் கீழேயே, அடுப்புக்குப் பக்கத்தில்.

தாழ் போட்டால்தான் என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஜனவரியில் தாழ் போட்டுத்தான் இருந்தது. ஈரத்தரையில் வழுக்கி விழுந்தவளுக்கு இடுப்பெலும்பில் விரிசல், எழ முடியவில்லை. அமாந்தியுவைப் பார்க்க வரும் நர்ஸ் கதவைத் தட்டியது இருவருக்கும் கேட்டது. சுல்மீரா கத்திப் பார்த்தாள். நாலு விரல் கனக் கதவும் மலைக்காற்றும் அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டன. நர்ஸ் திரும்பிப் போனாள். அவள் தரையில், அவர் கட்டிலில். ஒருவரையொருவர் பார்த்தபடி நாலு மணி நேரம். கடைசியில் தீயணைப்புக்காரர்கள் வந்து கதவை உடைத்தார்கள். புதுக் கதவு வந்தது. அதன் தாழை அவள் தொட்டதே இல்லை.

'இது வீடு' என்று ஒரு பலகை மாட்ட ஊராட்சியில் அனுமதி கேட்டாள். பழைய சுவரில் ஆணி இறங்கக் கூடாது என்று பதில் வந்தது. காகிதத்தில் எழுதி ஒட்டினாள். காற்று ஒன்றைக் கொண்டுபோனது. இன்னொன்றை அலுவலகத்து ஆளே வந்து கிழித்தார்.

பிரான்சில் இருக்கும் மகள் ஒத்தீலியா ஞாயிறுதோறும் ஃபோன் செய்வாள். "இங்க வந்துடுங்கம்மா, ரெண்டு பேரும்."

"அஞ்சாவது மாடிக்கு ஒங்கப்பன யாருடி தூக்குறது? லிஃப்டு பாதி நாளு ஓடலன்னு நீதான அழுத?"

அடுத்த ஞாயிறும் ஒத்தீலியா அதையே சொல்வாள்.

ஈஸ்டருக்கு முந்தைய நாள் அவள் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தால் அறைக்குள் ஏழு பேர். இரண்டு பேர் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கட்டிலோரம் ஒரு சின்னப் பெண், அமாந்தியுவின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றாள்.

"அம்மா, இந்தப் பொம்ம கண்ணச் சிமிட்டுது!"

"உள்ள மோட்டார் வெச்சிருப்பாங்க. தொடாத."

கையிலிருந்த ஈரத் தலையணை உறையைச் சுழற்றிக்கொண்டு சுல்மீரா பாய்ந்தாள். "மனுசன்டி அது! சோறு திங்குற மனுசன்! எம் புருசன்! போங்க, எல்லாரும் வெளிய போங்க!"

குழந்தையின் தாய் வாசற்படியில் நின்று அழுதேவிட்டாள். "மன்னிச்சுடுங்கம்மா… தெரியாம…"

"ஒனக்குத் தெரியாது, சரி. அவருக்குக் காது கேக்குமே."

அமாந்தியு அழுவார் என்று நினைத்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு சூப்பைத் தொடவில்லை.

மறுநாள் யாரோ கதவைத் தள்ளியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். நல்ல கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். நெஞ்சு ஏறி இறங்கவில்லை. வந்தவர்கள் போன பிறகு சுல்மீரா அவரைப் பிடித்து உலுக்கினாள்.

"என்னய்யா பண்ற? உசுரு போயிருச்சோன்னு நெனச்சேன்!"

அவர் கண்ணைத் திறந்தார். கதவைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அப்படித்தான். அவர் பொம்மைபோல மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கும்போது இரைந்து கத்த அவளுக்கு வாய் வருவதில்லை.

நேற்று மத்தியானம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. தரையில் நாலைந்து நிழல்கள் நீண்டன. அமாந்தியு வாயில் இருந்ததை விழுங்காமலே கண்ணை மூடினார். சுல்மீரா திரும்பவில்லை. உயர்த்திய கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு, மடியைப் பார்த்தபடி, அவர்கள் போகும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.