ஆட்டுக்கு வேலியான வலை

லண்டனில், தோர்ண்டன் ஹீத் மீன்கடையில் மீன் வெட்டும் பஸ்தியாம்பிள்ளை வாழ்நாளில் ஒரேயொரு பெரிய பொய்தான் சொன்னார். என்ன செய்ய, அது படத்தோடு அச்சாகி உலகம் சுற்றிவிட்டது.

எண்பத்திரண்டாம் ஆண்டில், இலங்கையின் மன்னாரில் அவருடைய ஊருக்கு ஐரோப்பாவின் வடகடலோரத்து நாடொன்று உதவியாக வலை அனுப்பியது. குண்டுமணியளவு நாடுதான், ஆனால் பணத்தில் புரளும் நாடு. நல்ல வலை, நல்ல மனசு. வலைக்கண்தான் கை நுழையும் அகலம்! அவர்கள் கடலில் அரை ஆள் நீள மீன். இந்தக் கடலில் விரல் நீளச் சூடை மீன். சூடை அந்த வலைக்குள்ளால் திருவிழாவுக்குப் போவதுபோல் கூட்டமாகப் போனது. ஊரார் வலையை எடுத்துத் தோட்டத்துக்கு ஆடு வராமல் வேலி அடைத்தார்கள்.

அந்த நாட்டு அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள் என்றதும் ஒரே அமளி. வேலியைப் பிடுங்கி, கடல்தண்ணீர் தெளித்து, மீன்செதிலை அப்பி, கரையில் விரித்தார்கள். இருபது வயதுப் பஸ்தியாம்பிள்ளை அதைத் தூக்கிப் பிடித்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். படமும் எடுத்துவிட்டார்கள்.

இப்போது அதே நாடு அதே ஊருக்கு மறுபடி வலை கொடுக்கப்போகிறது. படத்து ஆள் லண்டனில் இருக்கிறார் என்று எப்படியோ அறிந்து, முந்திய உதவி எப்படி இருந்தது என்று கேட்கத் தங்கள் தூதரகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஊரில் இன்னும் கடலுக்குப் போகும் தம்பி ஞானரட்ணம் போனில் கெஞ்சினான்.

"அண்ணை, வலு திறமெண்டு சொல்லுங்கோ. குறை சொன்னா வாறதும் வராது."

"அதே வலை வந்தா என்னடா செய்வாய்?"

"வேலி அடைப்பன்."

மனிதருக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் தம்பி வயிற்றில் அடி. மறைத்தால் மறுபடி ஆட்டுவேலி. மனைவி றஜீனாதான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "உள்ளதைச் சொல்லுங்கோ. மடுமாதா பாத்துக்கொள்ளுவா," என்று அனுப்பிவைத்தாள்.

தூதரகத்தில் ஒரு வயதான அதிகாரி அம்மா தேநீர் கொடுத்தார். பஸ்தியாம்பிள்ளை தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஆடு, வேலி, செதில் எல்லாவற்றையும் மடமடவென்று கொட்டித் தீர்த்தார். அந்தம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று இவர் எழும்பப்போனபோது அந்தம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"உலகப் போருக்குப் பிறகு எங்களுக்கும் கப்பல் கப்பலாக உதவி வந்தது. என் அம்மாவின் ஊரில் பால்மாவை யாரும் குடிக்கவில்லை, கரைத்துச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். நன்றிக் கடிதம் மட்டும் அருமையாக எழுதினார்கள்."

அப்பாடா! நாற்பது வருடப் பாரம் இறங்கியது. அந்தம்மா பேனையை எடுத்து ஏதோ கேட்டார். பஸ்தியாம்பிள்ளை அங்கேயே ஊருக்குப் போன் போட்டார்.

"தம்பி, எத்தனை அங்குலக் கண் வேணுமெண்டு கேக்கினம்."



"எங்களிட்டயோ அண்ணை? எங்களிட்டக் கேக்கினமோ?"

"ஓமடா, உன்னட்டத்தான். கெதியாச் சொல்லு, அந்தம்மா எழுதக் காத்துக்கொண்டு இருக்கிறா."